பழைய லப்டொப்புக்கு விண்டோஸ் 11ஆ, லினக்ஸ் மின்டா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. மட்டக்களப்பில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: இதில் புதியது ஓடுமா?

சோதிப்பது
விண்டோஸ் 11: 'பிசி ஹெல்த் செக்' செயலி உடனே சொல்லிவிடும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ரேம் அல்ல, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புரொசெசரும்தான். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை அநேகமாகத் தேறாது. டிபிஎம் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) அணைந்தும் கிடக்கலாம். அதைப் பார்க்காமல் கைவிட வேண்டாம்.
மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இன்னொரு இயங்குதளம்): நிறுவாமலே பென் ட்ரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், பிரின்டர் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த சோதனை இதுதான், கொஞ்சம் மெதுவாக ஓடினாலும்.

குறைந்தபட்சத் தேவை
விண்டோஸ் 11: 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம்.
மின்ட்: 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம். ஆனால் 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி.

செலவு
உரிமமுள்ள விண்டோஸ் 10 இருந்தால் 11 இலவசம். மின்ட் எப்போதும் இலவசம்.

கணக்கு மென்பொருள், அலுவலக வேலை என்றால், சோதனையில் தேறிய கணினிக்கு விண்டோஸ் 11. தேறாததில் பிள்ளைகளின் படிப்பும் யூடியூப்பும் மட்டும்தானா? மின்ட் போடுங்கள். பாமினியில் அடித்த பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் மறக்காமல் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.