தில்லிக் குளிருக்குத் தரை விரிப்பு: ஷாகி கார்ப்பெட்டா, பவானி ஜமக்காளமா?

தீபாவளி முடிந்து சில வாரங்களில் மயூர் விஹாரில் எங்கள் வீட்டு ஹால் களையிழந்துவிடும். வெளியே புகைமூட்டம், உள்ளே சாம்பல் வெளிச்சம். மொசைக் தரையில் வெறுங்காலை வைத்தால் உச்சந்தலை வரை சில்லிடும். வாடகை வீடு என்பதால் பெயிண்ட் அடிக்கும் யோசனையே இல்லை. திரைச்சீலையை மாற்றிப் பார்த்தேன். அறை கொஞ்சம் தெளிந்தது, ஆனால் கால் சில்லிட்டது அப்படியேதான் இருந்தது. குறைந்த செலவில் அறையின் முகமும் மாற வேண்டும், காலுக்கும் இதமாக இருக்க வேண்டும் என்றால் தரைக்கு ஏதாவது விரித்தாக வேண்டும். இரண்டு குளிர்காலம் ஷாகி கார்ப்பெட், அதன் பிறகு மூன்று குளிர்காலமாகப் பவானி ஜமக்காளம் என்று இரண்டையும் புழங்கிப் பார்த்துவிட்டேன். நான் ஜமக்காளத்தின் பக்கம்.

முதலில் ஷாகிக்கு உரிய நியாயம். புசுபுசுவென்று நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாலியஸ்டர் இழைகளுக்கு நடுவே காற்று தங்கும். தரை நம் காலின் சூட்டை உறிஞ்சாமல் தடுப்பது அந்தக் காற்றுதான். காலை வைத்தவுடன் கிடைக்கும் இதத்தில் ஒற்றை மடிப்பு ஜமக்காளம் அதன் அருகில்கூட வராது. பார்க்கவும் அழகு, கடையில் தொட்டுப் பார்த்தால் வாங்காமல் வர மனம் வராது. ஐந்துக்கு ஏழு அடியில் 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய அன்று வீடே புதிதாகிவிட்டது போலிருந்தது.

கோபியிலிருந்து வந்திருந்த அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "நல்லாத்தான் இருக்குது. இதெ எப்படிக் கண்ணு தொவைக்கறது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஜனவரியில்தான் அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது.

தில்லிக் குளிர்காலத்தில் தூசு எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் மாலைக்குள் மேசை மேல் விரலால் கோலம் போடலாம். அத்தனையும் ஷாகியின் வேரில் போய் இறங்கும். பூந்துடைப்பம் மேலே வருடிக்கொடுக்குமே தவிர உள்ளே போகாது. வாக்குவம் கிளீனர் இருந்தால்தான் ஓரளவு சமாளிக்கலாம். எங்கள் வீட்டில் சின்னவனுக்கு ஏற்கெனவே இளைப்புத் தொந்தரவு உண்டு. அவன் அதன் மேல் புரண்டு விளையாடும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

அந்த ஜனவரியில் ஒரு கிண்ணம் சாம்பார் கொட்டியது. துடைத்தும் வாடை போகவில்லை. ட்ரை கிளீனிங் கடையில் சதுர அடிக் கணக்கில் கேட்ட தொகை, வாங்கிய விலையில் ஏறக்குறையப் பாதி. சரி, நாமே அலசுவோம் என்று இறங்கினேன். நனைந்ததும் இரண்டு ஆள் தூக்கும் கனம். ஒரு வாரமாக மூடுபனி, மதியம் ஒரு மணிக்குத்தான் வெயிலே எட்டிப் பார்த்தது. ஐந்து நாள் பால்கனியில் கிடந்தும் அடிப்பக்கம் ஈரம், அதோடு ஊசிப்போன நாற்றம் வேறு. காய்ந்து முடிந்தபோது இழைகள் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தன. எடுத்துக் கொடுத்துவிட்டேன். விலை கூடிய ரகங்கள் இதைவிட நன்றாகத் தாங்கலாம், நான் புழங்கியது அந்த ஒன்றைத்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது பவானியில் ஆறடி நீள ஜமக்காளம் இரண்டு வாங்கி வந்தேன், ஒன்று 900 ரூபாய். முரட்டுப் பருத்தி நூலில் குழித்தறியில் நெய்தவை. சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையான கோடுகள். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. விசைத்தறித் துணியையும் பவானி என்று சொல்லி விற்பதுண்டு, கைத்தறிதானா என்று கேட்டு வாங்குவது நல்லது. சாம்பல் பூத்த தில்லி மதியத்தில் அந்தச் சிவப்புப் பட்டை ஹாலில் விரிந்து கிடப்பதைப் பார்த்தாலே தெம்பு வரும்.

துப்புரவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை சுருட்டி எடுத்துப்போய், பால்கனிக் கம்பியில் போட்டுத் தடியால் நாலு தட்டு. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவு தூசு பறக்கும். இழை நீட்டிக்கொண்டில்லாத தட்டை நெசவு என்பதால் தூசு ஒளிய இடமில்லை. துவைத்தாலும் நல்ல வெயிலில் ஒரு நாளில், மூடுபனியில் இரண்டு நாளில் காய்ந்துவிடுகிறது. இரண்டு வைத்திருப்பதால் ஒன்று காயும்போது மற்றது தரையில் கிடக்கும். முதல் இரண்டு துவைப்பில் சாயம் இறங்கும், தனியாகத்தான் போட வேண்டும். கொஞ்சம் சுருங்கவும் செய்தது.

குளிருக்கு மெல்லிசுதானே என்றால், ஆமாம். அதற்கு அடியில் பானிப்பத் கம்பளி ஒன்றை விரித்தேன். பழைய கம்பளித் துணிகளைப் பிரித்து நூலாக்கி அங்கே நெய்யும் மலிவு ரகமே போதும். மேலே ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டால் ஷாகியின் இதத்தில் முக்கால் பங்கு கிடைத்துவிடுகிறது. நெசவு பவானி, சூடு பானிப்பத்.

இதில் கவனமாக இருக்க வேண்டியது வழுக்கல். மொசைக்கில் ஜமக்காளம் நழுவும், ஷாகிக்கு அடியில் இருந்த ரப்பர் பிடிப்பு இதற்குக் கிடையாது. அத்தை ஒருமுறை தடுமாறியதும் அன்றைக்கே ரப்பர் வலை வாங்கி அடியில் போட்டேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரூம் ஹீட்டரையும் எந்த விரிப்பானாலும் மூன்றடி தள்ளியே வையுங்கள். பாலியஸ்டர் உருகும், பருத்தி பற்றிக்கொள்ளும்.

எங்கே விரிப்பது என்பதும் முக்கியம். டிசம்பர் நடுப்பகலில் தில்லி வானத்தில் சூரியன் சுமார் 38 டிகிரி உயரம்தான் ஏறும். அதனால் தெற்கு ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் வெகு தூரம் வரும். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை திரையை விலக்கிவிட்டு அந்த வெளிச்சம் விழும் இடத்தில் விரியுங்கள். மதியம் அங்கே உட்கார்ந்து பட்டாணி உரிப்பதுதான் எனக்குத் தில்லிக் குளிரில் பிடித்த வேலை.

வாக்குவம் கிளீனர் இருந்து, குழந்தைகள் இல்லாத படுக்கையறையில் கட்டிலோரம் போட மட்டும் என்றால் சின்ன ஷாகி ஒன்று தாராளமாக வாங்கலாம். ஹாலுக்கு ஜமக்காளம்தான். வாங்குவதானால் தீபாவளிக்கு முன்பே வாங்கி, வெயில் இருக்கும்போதே அந்த முதல் இரண்டு சாயத் துவைப்பையும் முடித்துவிடுங்கள்.