‘ஐபி65’ ஸ்டிக்கரைக் காட்டி 18,400 ரூபாயைக் கறந்துவிட்டார்கள், வெளி விளக்கு வாங்குகிறவர்கள் உஷார்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடத் தோன்றும், அந்தக் கடைக்காரரும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே மாட்டுகிற விளக்குகளில் ஐபி என்று போட்டு பக்கத்தில் இரண்டு எண் இருக்குமே, தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்வது, அதை எல்லாருக்கும் புரிகிற மாதிரி முழுசாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், எழுத எழுத அந்த ஆளின் முகம்தான் வந்து நிற்கிறது.

எங்கள் வீடு கடலூரில், கடலுக்குக் கிட்டே. ஆவணியில்தான் பால் காய்ச்சினோம். கேட் தூணுக்கு இரண்டு, காம்பவுண்ட் சுவருக்கு ஆறு, தோட்டத்து மண்ணில் குத்தி வைக்க நான்கு என்று விளக்குகள் வாங்கினோம், மொத்தம் 18,400 ரூபாய். மின்சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருக்கிற பெரிய கடை. பெயர் போடவில்லை, போட்டால் அதையே பிடித்துக்கொண்டு என் மேல் கேஸ் போடுவார்கள்.

நான் விவரம் கேட்காமல் வாங்கவில்லை. உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் சாய்ந்து அடிக்கிற மழை, இரண்டையும் சொல்லித்தான் கேட்டேன். அதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், ஒரு சுவர் விளக்குக்கு வயர் கொடுத்து எரியவிட்டு, அப்படியே தண்ணீருக்குள் அமுக்கினார். விளக்கு அணையவில்லை. வாளித் தண்ணீர் முழுக்க மஞ்சளாக ஜொலித்தது, பக்கத்தில் ஃபேன் விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். “பரவால்லியே” என்று என் மாமியார் சொன்னதுதான் தாமதம், “ஐபி அறுபத்தஞ்சுக்கா இது, அடைமழைல ஆறு மாசம் கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது” என்றார். அறுபத்தைந்து என்றால் என்ன கணக்கு என்று கேட்டேன். “நூத்துக்கு அறுபத்தஞ்சு மார்க்குன்னு வெச்சுக்கங்க, வீட்டுக்குள்ள மாட்டுறதெல்லாம் வெறும் இருபதுதான்.” இவ்வளவு சர்வசாதாரணமாக ஒரு மனிதர் பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்?

அது மார்க்கே கிடையாது. இரண்டும் தனித்தனி எண், ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தில் வருவது. முதல் எண் விரல், தூசி மாதிரி உள்ளே நுழைகிறவற்றுக்கு, 6 வரை போகும், 5 என்றால் கொஞ்சம் தூசி போனாலும் வேலை கெடாது, 6 என்றால் தூசியே உள்ளே போகக் கூடாது. இரண்டாவது எண் தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்க வேண்டும், 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் குழாய் முனையிலிருந்து பீய்ச்சினாலும் தாங்க வேண்டும், 6க்கு அதைவிடப் பெரிய முனை, நிமிடத்துக்கு 100 லிட்டர். தண்ணீரில் முக்கும் சோதனை 7க்குத்தான் வரும், ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம். 65 போட்ட விளக்கு வாளியில் முங்கிப் பிழைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வேறு எதற்கோ வைக்கிற பரீட்சையை, அதுவும் இரண்டு நிமிடம் நடத்திக் காட்டி என் வாயை அடைத்திருக்கிறார். (67 வாங்கினால் பீய்ச்சும் தண்ணீரையும் சேர்த்துத் தாங்கும் என்று நினைக்காதீர்கள். முக்குவது வேறு, பீய்ச்சுவது வேறு. இரண்டுக்கும் தேறியிருந்தால் 66/67 என்று சேர்த்துப் போட்டிருக்கும்.)

முதல் பெரிய மழையிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. ராத்திரி ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டு, தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. கடைசியில் வெளி லைனை மட்டும் கழற்றிவிட்ட பிறகுதான் ஃபிரிட்ஜ் ஓடியது. அந்த ஆர்சிசிபி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது, எங்கள் கேட் இரும்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதில்தான் தொங்கி விளையாடும்.

காலையில் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஒரு சுவர் விளக்கைக் கழற்றினார். கண்ணாடிக்குள் பாதி அளவுக்குத் தண்ணீர், அதில் ஈசல் மிதக்கிறது. ரப்பர் வளையம் உட்கார வேண்டிய பள்ளம் சுற்றிவர இருக்கிறது, வளையம் மட்டும் இல்லை. வயர் நுழைகிற இடத்தில் கிளாண்டு, அதாவது வயரைச் சுற்றி இறுக்கி அடைக்கிற மூடி, கிடையாது, வெறும் ஓட்டை. ராத்திரி முழுக்கச் சூடாக எரிகிற விளக்கின் மேல் திடீரென்று மழை பட்டால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, இந்த மாதிரி சந்து கிடைத்தால் ஈரத்தை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும் என்று அவர்தான் சொன்னார். வாளிக்குள் சூடேறாத விளக்கை இரண்டு நிமிடம் அமுக்கினால் இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது!

அப்புறம்தான் அந்த ஸ்டிக்கர். வெள்ளி நிறத்தில் ‘ஐபி65’ என்று ஒட்டியிருந்தது ஈரத்தில் ஊறி ஓரம் கிளம்பியிருந்தது. அண்ணன் நகத்தால் சுரண்டினார், முழுசாக உரிந்து வந்தது. அடியில் பிளாஸ்டிக்கிலேயே அச்சு வார்த்த எழுத்து: ஐபி44. சிட்-அவுட் கூரைக்கு அடியில் மாட்ட அது போதும், திறந்த சுவருக்கு, எங்கள் ஊர் மழைக்குப் போதாது. தோட்டத்து விளக்குகளோடு வந்த டிரைவர் பெட்டியில் (எல்இடிக்கு ஏற்ற மாதிரி மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பது) இன்னும் மோசம், ஐபி20. அந்த 2, விரல் உள்ளே போகாது என்பதற்கு. அந்த 0, தண்ணீருக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதற்கு. மண்ணில் குத்தி வைக்கத்தான் வாங்குகிறேன் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார்கள். 18,400 ரூபாய்!

இதற்கு அந்தக் கடை சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில், “எலக்ட்ரீஷியன் தப்பா மாட்டியிருப்பாரு.” ஸ்டிக்கர் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் செய்தால் ஓனர் ஊரில் இல்லை, ஓனர் சாப்பிடப் போயிருக்கிறார், ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். நேரில் போய் நின்றால் அதே ஓனர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். வாங்கும்போது வாய்க்கு வாய் ‘அக்கா’, இப்போது ‘மேடம்’. “மேடம், வீட்ல சாரப் பேசச் சொல்லுங்க.” பணம் கொடுத்தது நான், பில் என் பெயரில், சார் எதற்கு? “தண்ணி பூந்தா வாரண்டி வராது மேடம், பொதுவா எந்தக் கம்பெனியும் தராது” என்றார், வெளியில் மாட்டுகிற விளக்குக்கு, சிரிக்காமல். ஸ்டிக்கரை நீட்டினேன், அதை ஒட்டினது கம்பெனிதான், எங்களுக்குத் தெரியாது என்றார். சரி, கம்பெனி விலாசம் கொடுங்கள் என்றால் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் பெரிய மனதோடு, வேறு சாமான் வாங்கினால் 2,000 கழித்துக்கொள்கிறேன் என்றார். 18,400 கொடுத்தவளுக்கு 2,000, அதுவும் அவர் கடையிலேயே இன்னும் செலவு செய்தால்!

பில்லில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘எல்இடி ஃபிட்டிங் - 12’. அவ்வளவுதான். மாடல் இல்லை, ஐபி எண் இல்லை. வேண்டுமென்றே அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது.

எந்த இடத்துக்கு எந்த எண் என்று பட்டியலாகப் போட நினைத்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். திறந்த சுவருக்கு 65க்குக் குறைந்து வாங்காதீர்கள், மழைநீர் தேங்குகிற மண்ணுக்கு 67. ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அச்சு வார்த்த எழுத்தைத் தேடுங்கள், கடையிலேயே ஒன்றைத் திறக்கச் சொல்லி ரப்பர் வளையமும் கிளாண்டும் இருக்கிறதா பாருங்கள். டிரைவருக்குத் தனி எண் உண்டு, அதையும் பாருங்கள். பெட்டியில் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு எண், ஆர் என்று ஆரம்பிப்பது, இருக்கிறதா பார்த்து பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். கடலோரத்தில் இருந்தால் உப்பு, துரு பற்றியும் தனியாகக் கேளுங்கள், இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பவை. ஐபி எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள், எழுதமாட்டேன் என்றால் இறங்கி வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாகிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கடை இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. விளக்கு பன்னிரண்டையும் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன், ஒன்றில் மட்டும் ஸ்டிக்கரைப் பாதி உரித்து, இரண்டு எண்ணும் தெரிகிற மாதிரி.