பழைய சாமான்களில் செய்த பீட்சா அடுப்புக் கருவிகள்: நான்கு வருடம் கழித்து

விறகு பீட்சா அடுப்பைக் கட்டி முடித்தபோது கையில் காசு மிச்சமில்லை. அதனால் கருவிகளை எல்லாம் வீட்டில் கிடந்த பழைய சாமான்களிலிருந்தே செய்துகொண்டேன். மொத்தம் ஏழு செய்தேன். நான்கு வருடத்தில் மூன்று போய்விட்டன, நான்கு இன்றும் உழைக்கின்றன. மாதம் மூன்று முறையாவது அடுப்பு மூட்டுகிறோம் என்பதால், எது நிற்கும் எது நிற்காது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் தவறிய கதை. பீட்சாவை அடுப்புக்குள் தள்ளி எடுக்க ஒரு துடுப்பு வேண்டும். பழைய பேக்கிங் தட்டு ஒன்றின் விளிம்பை வெட்டி, மரக்கழியில் அலுமினிய ரிவெட் அடித்து முடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது நான்ஸ்டிக் பூச்சுப் போட்ட தட்டு. அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும். விறகு அடுப்பின் தளமோ 400 டிகிரியைத் தாண்டும். துடுப்பு உள்ளே சில நொடிதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பீட்சாவைத் திருப்பும்போது அந்தச் சில நொடி நீண்டுகொண்டே போகும். இரண்டாவது நாளே விளிம்பில் பூச்சு நிறம் மாறியது. அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன்.

அதிலிருந்துதான், பழைய பொருளை எடுக்கும்போது அதன் வடிவத்தைப் பார்க்கும் முன்பு அது இதுவரை என்னவாக இருந்தது, அதன்மேல் என்ன பூசியிருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். சாம்பல் வாருவதற்கு ஒரு ஜி.ஐ. குழாயை எடுத்து வைத்திருந்தேன். ஜி.ஐ. என்றால் இரும்பின்மேல் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும். தணல் அதைவிட எவ்வளவோ சூடு. அப்படிச் சூடேறிய துத்தநாகத்தின் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல், குளிர், உடம்பு வலி எல்லாம் வரும். வெல்டிங் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குழாயைத் தோட்டத்து வேலைக்குக் கொடுத்துவிட்டு, பழைய கட்டிலின் ஆங்கிள் இரும்பை எடுத்தேன். அதன் பெயின்டை உப்புத்தாள் போட்டு முழுக்கத் தேய்த்து எடுக்க ஒரு நாள் ஆயிற்று. மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தூசி பறக்காமல் ஈரத்தோடு தேய்ப்பது நல்லது. முகமூடியும் வேண்டும். அந்தச் சாம்பல் வாரி இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. ஏழில் அதிகம் கையில் எடுப்பதும் அதைத்தான்.

சரி, துடுப்புக்கு வருவோம். இரண்டாவது துடுப்பை ஓடாத வாஷிங் மெஷினின் டிரம்மிலிருந்து செய்தேன். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பூச்சு எதுவும் இல்லை. அதில் ஏற்கெனவே ஓட்டைகள் இருப்பதால், பீட்சாவின் அடியில் ஒட்டிய மாவு உதிர்ந்து கீழே போய்விடும். உதிராத மாவுதான் பீட்சாவின் அடியில் கருகிக் கசக்கும். கடையில் ஓட்டை போட்ட துடுப்புக்குத் தனி விலை. இங்கே சும்மா கிடைத்தது. ஆங்கிள் கிரைண்டரால் வெட்டி, மரக்கட்டைமேல் வைத்துத் தட்டிச் சமமாக்கினேன். சுமார் 20 சென்டிமீட்டர் வட்டம் போதும், ஏனென்றால் இது பீட்சாவை அடுப்புக்குள்ளேயே திருப்புவதற்கு. ஓட்டைகளின் ஓரத்தையும் விளிம்பையும் அரம் போட்டுப் பிசிறு இல்லாமல் செய்யுங்கள். ஒரு சிறு பிசிறு போதும், மாவு கிழிந்து தக்காளிச் சாறு தளத்தில் கொட்டிவிடும். சோப்பு போகக் கொதிநீரில் இரண்டு முறை கழுவினேன்.

காந்தம் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் இல்லை என்று பலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். 304 வகையில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, 430 வகையில் நன்றாகவே ஒட்டும். இரண்டும் ஸ்டெயின்லெஸ்தான்.

டிரம் தகடு மெல்லியது. அதனால் கைப்பிடி சேரும் இடத்தில் இன்னொரு துண்டுத் தகடு வைத்து இரட்டையாக்கினேன். இந்த இணைப்புதான் எல்லாக் கருவிக்கும் உயிர். முதல் துடுப்பின் அலுமினிய ரிவெட்டுகள் ஒரே நாளில் ஆட்டம் கண்டு, தகடு சுழன்று, முழு பீட்சாவும் தணலில் விழுந்தது. குழந்தைகள் தட்டோடு காத்திருந்த நேரம் அது. இப்போது மூன்று ஸ்டீல் போல்ட், ஒரே வரிசையில் இல்லாமல் முக்கோணமாக. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட். அப்படியும் மரக்கழி சூட்டில் காய்ந்து சுருங்குவதால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முறுக்க வேண்டியிருக்கிறது. தகட்டை இணைப்புக்கு அருகே லேசாக மேல்நோக்கி வளைத்திருக்கிறேன். அப்போதுதான் கழி அடுப்பு வாயின் விளிம்பில் இடிக்காமல் தகடு தளத்தில் படியும். கழியின் நீளம் அடுப்பின் ஆழத்தைவிட அரை மீட்டராவது கூட இருக்கட்டும்.

பச்சை பீட்சாவை உள்ளே இறக்க மரத் துடுப்புதான் நல்லது, மாவு சட்டென்று ஒட்டாது. சரக்கு அடுக்கும் மரப் பலகைகளை (பேலட்) உடைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்கள் அதிலுள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. (HT) என்றால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு பட்டது, அதைத் தொடவே வேண்டாம். எச்.டி. ஆனாலும் அதன்மேல் என்ன கொட்டியதோ என்ற எண்ணத்தில் நான் எடுக்கவில்லை. பழைய மேசையின் பெயின்ட் படாத பலகையை இழைத்து, முன் விளிம்பை 3 மில்லிமீட்டருக்கு மெலிதாக்கினேன். மேலே ஆளிவிதை எண்ணெய், சமையலுக்கு விற்கும் சுத்தமான வகை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துவிட்டு, விரித்துக் காய விடுங்கள். ஒரு முறை பலகையைக் கழுவி வெயிலில் வைத்தேன், வளைந்துவிட்டது. எடை வைத்து நிமிர்த்தவே இரண்டு வாரம் ஆயிற்று. அப்புறம் சுரண்டித் துடைப்பதோடு சரி.

ஊதுகுழல் ஒரு செம்புக் குழாய். பற்றவைப்பு ஈயம் இருந்த முனைகளை அறுத்துவிட்டு, ஒரு நுனியைத் தட்டிச் சிறுதுளை ஆக்கினேன். அதைவிட எளிய கருவி கிடையாது. மூச்சை இழுக்கும்போது மட்டும் வாயை எடுத்துவிட வேண்டும்.

துடைப்பமும் அடுப்புக் கதவும் தோற்றன. நார்த் துடைப்பம் கருகிப்போனது. கம்பி பிரஷ்ஷைத் தொடவில்லை, ஏனென்றால் உதிர்ந்த ஒரு கம்பி பீட்சாவில் ஒட்டித் தொண்டையில் போனால் ஆபரேஷன் வரை போகலாம். இப்போது சாம்பல் வாரியில் நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியைச் சுற்றித் தளத்தைத் துடைக்கிறேன். கதவுக்கு மரப்பலகையில் தகரம் அடித்திருந்தேன். மூன்றே மாதத்தில் தகரத்துக்குப் பின்னால் மரம் கரியானது. அது ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்கினேன்.

டிரம்மில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தும் தடுப்பாக அதை வளைக்கப்போகிறேன். அளவு எடுத்துச் சாக்பீஸால் கோடும் போட்டாயிற்று.