தக்காளி சாஸுக்கு ஃபுட் மில்லா, மிக்ஸியா?

இத்தாலிய வீடுகளில் பசாட்டா (தோலும் விதையும் நீக்கிய தக்காளி விழுது) செய்ய, கைப்பிடி சுற்றும் ஃபுட் மில்லைப் பயன்படுத்துவார்கள். அது அரைப்பதில்லை, சாய்ந்த தகடு தக்காளியைத் துளைத்தட்டின் மேல் அழுத்த, சதை கீழே இறங்கும், தோலும் விதையும் மேலேயே தங்கும். மிக்ஸி எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துவிடும். உடைந்த விதை லேசாகக் கசக்கும். காற்று புகுந்து சாஸ் நுரைத்து, சிவப்பு வெளிறி ஆரஞ்சாகும்.

ஒரு கிலோ தக்காளியை நான்காக நறுக்கி, மூடிபோட்டு 15 நிமிடம் வேகவிட்டு, சூடாகவே மில்லில் போடுங்கள். சிறு துளைத் தட்டு போதும். கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கைப்பிடி இறுகினால் பின்பக்கமாக இரண்டு சுற்று. அடைத்த தோல் விலகும். தக்காளி சரியாக வேகாவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் சாறுதான் வரும், சதை வராது. தட்டின் அடியில் ஒட்டிய விழுதை வழித்தெடுக்க மறக்காதீர்கள், கெட்டியான பகுதியே அதுதான்.

உருளைக்கிழங்கு சூப்புக்கும் மில்தான். மிக்ஸி அதைப் பசையாக்கிவிடும். பூசணி, கேரட் சூப் வழவழப்பாக வேண்டுமா, மிக்ஸியை எடுங்கள்; கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், ஆறவிட்டு அரையுங்கள். கழுவுவதும் மிக்ஸியில் சுலபம். மில்லின் துளைகளில் தோல் காய்ந்துவிட்டால் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும்.