தாளில் எல்லாமே டிக், காரில் எதுவுமே பார்க்கவில்லை: புதுக் கார் எடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

புதுக் காரை எடுக்கப் போகும் நாளில் சாவியோடு சேர்த்து ஒரு தாளையும் நீட்டுவார்கள். கார் முழுவதையும் சோதித்துவிட்டுத்தான் கொடுக்கிறோம் என்று சொல்லும் தாள் அது. ஷோரூம்காரர்கள் பி.டி.ஐ. (ப்ரீ டெலிவரி இன்ஸ்பெக்‌ஷன், ஒப்படைக்கும் முன் செய்யும் சோதனை) ஷீட் என்பார்கள். அந்தத் தாளை நம்பி வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து எங்கள் குடும்பம் பட்டதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள் இதில் இருக்கின்றன.

விற்பனையாளர் அதை என்னிடம் நீட்டியபோது சொன்னது இவ்வளவுதான்: "சாவி வாங்கிக்கிட்டதுக்கு சார். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு." கையெழுத்து விழுந்ததும் தாள் ஃபைலுக்குள் போய்விட்டது. நகல் கேட்டதற்கு மெயிலில் வரும் என்றார்கள். புகார் கொடுத்த பிறகுதான் வந்தது. அப்போதுதான் முழுதாகப் படிக்க முடிந்தது. கடைசிக் கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் இருந்தது, 'வாகனம் முழுமையாகச் சோதிக்கப்பட்டது, எல்லா வசதிகளும் எனக்கு இயக்கிக் காட்டப்பட்டன' என்று. மேலே இருந்த அத்தனை கட்டத்திலும் ஒரே பேனாவில், ஒரே இழுப்பில் டிக்.

முதலில் தெரியவந்தது டயர். சின்ன மேடு பள்ளத்துக்கெல்லாம் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. போனில் கேட்டால், "புது சஸ்பென்ஷன் சார், ஓட ஓடச் சரியாயிடும்" என்றார் சர்வீஸ் அட்வைசர். பெட்ரோல் பங்கில் காற்று பார்த்தபோது நான்கு டயரிலும் அழுத்தம் 45 பி.எஸ்.ஐ.க்கு மேல். ஓடிவந்த சூட்டுக்கு இரண்டு மூன்று புள்ளி கூடுதலாகக் காட்டும் என்று கழித்துப் பார்த்தாலும் கணக்கு சரியாக வரவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 33 பி.எஸ்.ஐ. என்கிறது. தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏறி, யார்டில் அசையாமல் நாள்கணக்கில் நிற்கும் காருக்கு, டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிடக் கூடாது என்று காற்றைக் கூடுதலாக அடித்து அனுப்புவது வழக்கம். அது தப்பில்லை. வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் முன் அதை இறக்கி அளவுக்குக் கொண்டுவர வேண்டியது ஷோரூமின் வேலை. காற்று மிகுந்தால் டயரின் நடுப்பகுதிதான் சாலையில் பதியும். பிடிப்பு குறையும், மழையில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க இன்னும் தூரம் எடுக்கும். எங்கள் தாளில் டயர் காற்றழுத்தம் என்ற வரியில் டிக் மட்டுமில்லை, 33 என்று எண்ணும் எழுதி வைத்திருந்தார்கள். அளந்தே பார்க்காமல் அளந்ததாக எண் எழுதுவதை மறதி என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

அடுத்தது கடிகாரம். வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கும்போதெல்லாம் நேரம் அழிந்துபோகும். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியாது. ரிமோட் ஒருமுறை கேட்கும், மறுமுறை கேட்காது. பேட்டரியில் கோளாறாக இருக்கும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ஒரு ஃபியூஸ் பாதி வெளியே இழுத்தபடி நின்றது. பயணத்திலும் யார்டிலும் பேட்டரி வடிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பல கார்களில் இப்படி ஒரு ஃபியூஸை விலக்கி வைத்தோ, மென்பொருளில் போக்குவரத்து நிலை என்று ஒன்றைப் போட்டோ அனுப்புகிறார்கள். ஒப்படைக்கும் முன் அதை மாற்ற வேண்டும். அவர் விரலால் ஒரு அழுத்து அழுத்தினார், எல்லாம் வேலை செய்தது. சில கார்களில் ஸ்பிரிங்குக்கு நடுவே பயணத்துக்கென்று அடைப்புக் கட்டைகளும் வைத்து அனுப்புவதுண்டு. வண்டி மரக்கட்டைபோல ஓடினால் அதையும் கேளுங்கள்.

இதெல்லாம் தொல்லை, அவ்வளவுதான். சீட் கவர் விஷயம் அப்படியில்லை.

காரோடு ஒரு அக்சஸரி பேக்கேஜ் எடுத்தால்தான் வண்டி சீக்கிரம் கைக்கு வரும் என்று சொல்லி எங்கள் தலையில் கட்டினார்கள். அதில் தடிமனான சீட் கவர், கூடுதல் ரப்பர் மேட், ஸ்டீயரிங் கவர் எல்லாம் அடக்கம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒருநாள் முன் சீட்டைச் சுத்தம் செய்யும்போது கவரின் ஓரம் விலகி, சீட்டின் வெளிப்பக்கத்தில் சின்னத் துணி லேபிள் ஒன்று தெரிந்தது. ஏர்பேக் என்று எழுதியிருந்தது. எங்கள் காரில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் சாய்மானத்துக்குள்ளேதான் இருக்கிறது. பக்கத்திலிருந்து வேறு வண்டி மோதினால், கதவோரத் தையலைக் கிழித்துக்கொண்டு அது வெளியே வந்து நெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவே விரிய வேண்டும். கதவு நம் விலாவுக்கு மிக அருகில் இருப்பதால் முன்பக்க ஏர்பேக்கைவிட வேகமாக விரிந்தாக வேண்டும். முன்பக்க ஏர்பேக்குக்கே ஏறத்தாழ 30 மில்லி நொடிதான். அந்தத் தையலின் மேல் ரெட்டைத் தையல் போட்ட தடித்த ரெக்சினை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஏர்பேக் தாமதமாக வரலாம், திசை மாறி வரலாம். காரின் கையேட்டில் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்குக் கவர் போடாதீர்கள் என்று பெட்டி கட்டி அச்சடித்திருக்கிறது. காரை விற்கிறவர்களே அதற்கு எதிரான பொருளைக் காசு வாங்கி மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஏர்பேக் விரிய இடம் விட்டுத் தைத்த கவர்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் குறிப்பிட்ட காருக்குத் தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டது என்று எழுத்தில் காட்டாதவரை வாங்காதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லும்போது இப்போதும் கை நடுங்குகிறது. என் தங்கைக்குக் கைக்குழந்தை. குழந்தை சீட்டை எங்கே மாட்டுவது என்று அவள் கேட்டாள். "முன்னாடியே மாட்டிக்கங்க மேடம், பக்கத்துலயே பாத்துக்கலாம்" என்றார் அந்த விற்பனையாளர். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை சீட்டை, இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் எந்தச் சூழ்நிலையிலும் வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் குழந்தையின் தலை டேஷ்போர்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ஏர்பேக் நேராகச் சீட்டின் முதுகில் அறையும். இதைப் பயணி பக்கத்துச் சன்வைசரில் படம் போட்டே ஒட்டியிருக்கிறார்கள். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் அந்த ஸ்டிக்கர் இருந்தது. பின் சீட்டில், இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே கைவிட்டால் தட்டுப்படும் இரண்டு இரும்பு வளையங்கள், ஐசோஃபிக்ஸ், இதற்காகவே இருக்கின்றன. குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி குழந்தைக்கு 15 மாதம் முடியும்வரை சீட் பின்னோக்கியே இருக்க வேண்டும். அந்த வளையங்களை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. தாளில் அதற்கும் டிக்.

மேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காரோடு வந்த மேட்டுக்குத் தரையில் கொக்கி உண்டு, நகராது. அதன் மேலேயே இன்னொரு ரப்பர் மேட்டைப் போட்டுவிட்டார்கள். அது மெல்ல மெல்ல முன்னால் ஏறி ஆக்சிலேட்டருக்கு அடியில் போனது. மேட்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில் சான் டியேகோ அருகே, டீலர் தற்காலிகமாகக் கொடுத்த, டொயோட்டா நிறுவனத்தின் லெக்ஸஸ் ஈஎஸ் 350 கார் ஒன்று வேகம் குறையாமல் ஓடி மோதி, உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். வேறு மாடலுக்கான ரப்பர் மேட்டை அதில் போட்டிருந்தார்கள். ஆக்சிலேட்டர் அதில் மாட்டிக்கொண்டது என்று காவல்துறை விசாரணை சொன்னது. அதற்குச் சில நாள் முன் அதே காரை எடுத்துப்போன வேறொருவருக்கும் இப்படியே ஆகி, திருப்பிக் கொடுக்கும்போது டீலரிடம் சொல்லியும் இருக்கிறார். அடுத்த மாதமே டொயோட்டா சுமார் 38 லட்சம் கார்களுக்கு ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடுங்கள் என்று அறிவித்தது. ஒரு மேட்டின் மேல் இன்னொன்றைப் போடவே போடாதீர்கள்.

வசதிகளை விளக்கியதாகச் சொன்னார்களே, அது என்னவென்றால் பாட்டு, சன்ரூஃப், கதவில் நிறம் மாறும் விளக்கு. அத்தனை நேரமும் அதிலேயே போயிற்று. ஹசார்டு விளக்கின் பட்டன் எங்கே, எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கை எப்படி விடுவிப்பது, பின்கதவுக் குழந்தைப் பூட்டு எந்தப் பக்கம் இருந்தால் போட்டதாக அர்த்தம், எதையும் சொல்லவில்லை. முதல் மழையில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஓரம் கட்டி நின்றோம். ஷோரூமிலேயே ரீசர்குலேஷன் பட்டனை அழுத்தி வைத்திருந்தார்கள், அதாவது உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். நாம் விடும் மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லை. மழையில் ஏசியைப் போட்டு, வெளிக்காற்றைத் திறந்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரமே தெளிந்துவிடும். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நானும் மேலாளரும் பேசியது நல்லபடியாகப் போகவில்லை. "நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சரி, 33 என்று அளந்தவர் யார், அவரைக் கூப்பிடுங்கள் என்றேன். மெக்கானிக்கின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது விற்பனையாளரின் கையெழுத்து. அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி ஆனது. பங்கில் எடுத்த படம், ஃபியூஸின் படம், சீட் கவர் பற்றிய கையேட்டுப் பக்கம் மூன்றையும் சேர்த்துக் கார் நிறுவனத்துக்கு நேரடியாக மெயில் அனுப்பினேன். கவரையும் மேட்டையும் கழற்றிக்கொண்டு அதற்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சோதிக்காமல் டிக் போட்டோம் என்று எழுதிக் கொடுக்க மட்டும் கடைசிவரை மறுத்துவிட்டார்கள். வீல் நட்டுகளில் திருடாமலிருக்க ஒன்று பூட்டு நட்டு. அதைக் கழற்றும் சாவிமுனை டிக்கியில் ஸ்டெப்னியோடு இருந்திருக்க வேண்டும், இல்லை. இன்னும் ஆர்டரில் இருக்கிறது. அது வராதவரை பஞ்சர் ஆனால் எங்களால் சக்கரத்தைக் கழற்ற முடியாது.

நீங்கள் எடுக்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள், அவசரம் இல்லாத ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம், 2324 என்றால் 2024-ன் 23-ஆம் வாரம். புதுக் காரில் பழைய டயர் இருந்தால் அங்கேயே காரணம் கேளுங்கள். கார் சாவியின் பேட்டரி தீர்ந்துபோனால் கதவை எப்படித் திறப்பது, வண்டியை எப்படி எடுப்பது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, பூட்டு நட்டின் சாவி, இரண்டாவது சாவி நான்கையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஹெட்ரெஸ்டை உச்சந்தலை உயரத்துக்கு ஏற்றி, ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் நெஞ்சுக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கும்படி சீட்டை நகர்த்திக்கொண்டு, அதற்கப்புறம் தாளைக் கையில் வாங்குங்கள். ஒவ்வொரு வரியாக அவர்களையே காட்டச் சொல்லுங்கள். காட்டாத வரிக்கு நேரே 'காட்டவில்லை' என்று உங்கள் பேனாவால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகலை மெயிலில் அனுப்புகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாமல், போனை எடுத்து அங்கேயே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.