உப்புசத்துக்கு "200 உணவு டெஸ்ட்" என்று யாராவது சொன்னால் பர்ஸைத் திறக்காதீர்கள்

களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவில் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, 200 உணவில் எது உங்கள் வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லிவிடுவோம் என்று பலகை வைத்திருக்கும் "வெல்னஸ் சென்டர்" வகையறாக்களைத்தான் சொல்கிறேன். மார்த்தாண்டத்திலும் இப்போது நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் காசு கட்டிய இடத்தின் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

எனக்கு ரொம்ப நாளாகவே சாயங்காலம் ஆனால் வயிறு கல்லு மாதிரி உப்பிக்கொள்ளும், வாயு, இரைச்சல், சில நாள் வயிற்றுப்போக்கு. ஜெலூசில், ஓமத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. அந்த சென்டரில் ஒரு பெண், கையில் டேப் கம்ப்யூட்டர், ரொம்ப மரியாதை, "ஒன்னும் பேடிக்கண்ட சேட்டா" (ஒன்றும் பயப்படாதீர்கள் அண்ணா) என்று உட்காரவைத்து விரலில் குத்தினார். டெஸ்டுக்கு 11,800 ரூபாய். அதற்கு மேல் குடலைச் சரிசெய்யும் பவுடர் என்று மூன்று டப்பா, 6,000. டாக்டர் என்று யாரும் என்னைப் பார்க்கவில்லை, வயிற்றில் கைவைத்து ஒருவரும் அமுக்கிப் பார்க்கவில்லை.

வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று புள்ளி புள்ளியாக பல பக்கம். சிவப்பில் அரிசி, தேங்காய், முட்டை, மாக்கரல், அதாவது நம்ம அயலை. பச்சையில் கோதுமை, வெங்காயம், பூண்டு, சால்மன், கிரான்பெர்ரி, ஆஸ்பரகஸ். ஆஸ்பரகஸை மார்த்தாண்டம் சந்தையில் யார் விற்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள். ஆனால் நாங்கள் வாரத்தில் பாதி நாள் தின்னும் மரச்சீனியும், சீசன் வந்தால் விடாத சக்கையும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அம்மா ரிப்போர்ட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "லே மக்களே, சோறும் மீனும் ஆகாதுன்னா இத்தன வருசம் நீ எப்பிடில வளந்த?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு அந்த சென்டரில் பதில் கிடையாது.

சரி என்று சோற்றை நிறுத்தினேன். ராத்திரியும் பகலும் சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உள்ளி, அதாவது வெங்காய வதக்கல், ரெண்டும் பச்சைப் புள்ளிதானே. உப்புசம் இரண்டு மடங்காகிவிட்டது. ஃபோன் போட்டால், "டீடாக்ஸ் ஆகுன்னதா சேட்டா, முதல்ல கொஞ்சம் கூடும், பின்ன குறையும்" என்கிறார்கள். கூடினாலும் டெஸ்ட் சரி, குறைந்தாலும் டெஸ்ட் சரி என்றால் அப்புறம் எதற்கு டெஸ்ட்? எடை குறைந்து கன்னம் ஒட்டியதும் அம்மா விடவில்லை, நாகர்கோவிலில் ஒரு வயிற்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, முதல் பக்கத்தில் ஐஜிஜி (IgG, ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்பொருள்) என்ற எழுத்தைப் பார்த்ததுமே மூடிவிட்டார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். அலர்ஜிக்குப் பார்ப்பது ஐஜிஈ (IgE) என்ற இன்னொரு எதிர்ப்பொருளை. ஐஜிஜி என்பது நீங்கள் அடிக்கடி சாப்பிடும் பொருளை உடம்பு அடையாளம் கண்டுகொண்டதற்கான சுவடு, அது இருப்பது நோய் இல்லை. அதனால்தான் சோறு தின்கிறவனுக்கு அரிசி சிவப்பு. பக்கத்து வீட்டு அண்ணன் சர்க்கரைக்காக வருஷக்கணக்கில் சப்பாத்தியில் ஓடுகிறவர், அவரும் அங்கேதான் எடுத்திருந்தார், அவருக்குக் கோதுமை சிவப்பு! இந்த டெஸ்டை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது, கனடா சங்கம் 2012ல் சொன்னது, அமெரிக்காவிலும் அதே பேச்சுதான். இங்கே இன்னும் பலகை வைத்து விற்கிறார்கள்.

இன்னொன்று, என்னை மாதிரி ஆட்களுக்கு வயிறு உப்புவதில் பெரும்பாலும் ரத்தத்து எதிர்ப்பொருளுக்கு வேலையே இல்லையாம். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருந்தால் அது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற சத்தை எந்த மனுஷக் குடலும் செரிப்பதில்லை, சிலருக்கு அதனால் ஒன்றும் தெரியாது, சிலருக்குத் தாங்காது. அரிசியில் இந்தத் தொந்தரவு இல்லை. ஆக, எனக்கு ஆகிற ஒரே தானியத்தைப் பிடுங்கிவிட்டு, ஆகாத இரண்டையும் சேர்த்துத் தின்ன வைத்திருக்கிறார்கள், அதுவும் என் காசில்.

டாக்டர் முதலில் கேட்டது வேறு கேள்விகள். மலத்தில் ரத்தம் உண்டா, காய்ச்சல் உண்டா, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பி வயிற்றால் போகிறதா, வீட்டில் யாருக்காவது குடல் நோய் உண்டா என்று. எடை ஏன் இறங்கியது என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்டார். ரத்தசோகை பார்த்தார். கோதுமையால் வரும் சீலியாக் நோய்க்கும் ஒரு டெஸ்ட் எழுதினார். அதற்குக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் எடுக்க வேண்டும், நிறுத்திவிட்டுப் போனால் இருக்கிற நோயும் தெரியாமல் போகுமாம். இதையெல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் ஒரு நோட்டு போடச் சொன்னார். என்ன தின்றேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு, வயிறு எப்போது என்ன செய்தது. சில வாரம் பால், உள்ளி, பூண்டு, கோதுமை எல்லாம் நிறுத்தம், அப்புறம் ஒவ்வொன்றாக, ஒரு பொருளுக்கு மூன்று நாள், கொஞ்சத்தில் தொடங்கிக் கூட்டிக்கூட்டி.

நோட்டில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது நேரம்தான். மத்தியானம் உள்ளித் தீயல் என்றால் வயிறு புடைப்பது பொழுது சாய்ந்த பிறகு. பெருங்குடல் வரை இறங்கி நொதிக்க மணிக்கணக்கு ஆகுமில்லையா, அதற்குள் நாம் வேறு எதையோ தின்றிருப்போம், பழி அதன்மேல் விழும். நான் இத்தனை நாளும் சாயங்கால ஏத்தங்காய் அப்பத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். பாலில் எனக்கு ஒரு சாயா வரை பிரச்சனை இல்லை, கடையில் நின்று மூன்றாவது கிளாஸ் அடித்தால்தான் கலவரம். கட்டன் சாயாவும் தயிரும் ஒத்துக்கொள்கின்றன. உள்ளிதான் மோசம். பூண்டுக்கு ஒரு வழி உண்டு. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது என்பதால் தேங்காய் எண்ணெயில் பூண்டைப் பொரித்து, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கிறார் அம்மா. மணம் வருகிறது, வயிறு சும்மா இருக்கிறது. இது என் வயிற்றுக் கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கும்.

இறாலோ நண்டோ தின்ற கொஞ்ச நேரத்தில் உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு முட்டுவது என்றால் அது நிஜ அலர்ஜி, நோட்டு போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி பணம். ரிப்போர்ட்டில் எந்த லேப் என்று பெயர் இல்லை, டாக்டர் கையெழுத்து இல்லை. பவுடர் டப்பாவில் இருக்க வேண்டிய 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்) இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் பதிந்தேன். எல்லைக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று: பணத்தைக் கேரளாவில் கட்டியிருந்தாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டாம். எனக்கு நாகர்கோவில் போதும். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

போன வாரம் அந்த சென்டரிலிருந்து ஒரு ஃபோன். பாதிப் பணம் தருகிறோம், கூகுளில் எழுதியதை எடுத்துவிடுங்கள் என்றார்கள். முழுசாகத் தருவதாக எழுத்தில் அனுப்புங்கள், பார்க்கலாம் என்றேன், சத்தமே இல்லை. இதே மாதிரி கட்டியிருப்பவர்கள் பில், ரிப்போர்ட், வாட்ஸ்அப் பேச்சு, காலி டப்பா எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மனுவோடு அதைத்தான் கேட்பார்கள்.