முதல் பதிப்பா, மறுபதிப்பா? பழைய பாட்டை எந்தத் தட்டில் கேட்பது

ஒரே ஆல்பம் என்னிடம் இரண்டு இசைத்தட்டுகளாக இருக்கிறது. ஒன்று அறுபதுகளில், அந்த ஆல்பம் வெளிவந்த காலத்திலேயே அச்சான மோனோ தட்டு, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வருவது. அட்டையின் ஓரங்கள் நைந்துவிட்டன. பின்பக்கத்தில் யாரோ பேனாவால் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொன்று சில ஆண்டுகளுக்கு முன் வந்த மறுபதிப்பு. கனமான தட்டு, பளபளக்கும் அட்டை, ஒரு கீறல் கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் ஒரே பாடகர் இரண்டு வேறு அறைகளில் நின்று பாடுகிற மாதிரி இருக்கும். எந்த அறை நிஜம் என்று எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

ரெக்கார்டு சேர்ப்பவர்களிடம் இதைக் கேட்டால் இரண்டு கட்சிகள் உண்டு. முதல் பதிப்புக்கு ஈடே இல்லை என்பவர்கள் ஒரு பக்கம். பழைய தட்டில் பாதிக்குப் பாதி கரகரப்புதான், மறுபதிப்பை வாங்கி நிம்மதியாகக் கேள் என்பவர்கள் மறுபக்கம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பழசு, புதுசு என்று பிரித்துக்கொண்டால் விஷயம் கைநழுவிவிடுகிறது. எந்த டேப்பிலிருந்து வெட்டினார்கள், யார் வெட்டினார், அந்தத் தட்டு என் கைக்கு எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தால், பதில் ஆல்பத்துக்கு ஆல்பம் மாறுகிறது.

வெட்டுவது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோவிலிருந்து வரும் மாஸ்டர் டேப்பை, அதாவது பாட்டின் மூலப்பதிவு இருக்கும் நாடாவை ஓடவிட்டு, லேக்கர் என்ற மென்மையான பூச்சு பூசிய அலுமினியத் தட்டில் ஒரு கூர்மையான ஊசியால் பள்ளம் செதுக்குவார்கள். அந்த லேக்கரின் மேல் உலோகத்தைப் படியவைத்து அச்சு எடுப்பார்கள். அதிலிருந்து இன்னோர் அச்சு, அதிலிருந்து கடைசியாக ஸ்டாம்பர். ஸ்டாம்பர்தான் சூடான வினைலை அழுத்தித் தட்டாக்குகிறது. இதில் லேக்கர் வெட்டும் பொறியாளர் வெறுமனே நகலெடுப்பவர் இல்லை. பேஸ் என்ற கனத்த அடி ஒலியை எவ்வளவு விடலாம், எவ்வளவு சத்தமாக வெட்டலாம், பாடகரின் ‘ஸ்’ சீறாமல் எப்படி அடக்கலாம் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. ஒரே டேப்பை இரண்டு பேர் வெட்டினால் இரண்டு தட்டும் ஒன்றாக ஒலிக்காது.

முதல் பதிப்பின் பெரிய பலம் டேப்தான். அன்றைக்கு அது புத்தம் புதுசு. டேப்புக்கும் வயதாகும். ஓட்ட ஓட்டத் தேயும், ஒட்டுப்போட்ட இடங்கள் விட்டுப்போகும். எழுபது, எண்பதுகளின் டேப்புகள் சிலவற்றில் காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடுகிறது. அவற்றை மிதமான சூட்டில் வாட்டினால்தான் மறுபடி ஓட்ட முடியும். சில டேப்புகள் இப்போது இல்லவே இல்லை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் பிடித்த தீயில் ஒரு மாஸ்டர் டேப் கிடங்கும் எரிந்தது. எத்தனையோ பேரின் குரல் அதில் இருந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அப்படிப்பட்ட ஒரு பாட்டுக்கு, டேப் நன்றாக இருந்த நாளில் வெட்டிய தட்டுதான் மிச்சமிருக்கும் சாட்சி.

முதல் பதிப்பிலும் எல்லாம் ஒன்றல்ல. லெட் ஸெப்பலின் என்ற ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை 1969-இல் ராபர்ட் லட்விக் முதலில் வெட்டியபோது பேஸையும் சத்தத்தையும் தாராளமாக விட்டார். மலிவான பிளேயர்களில் ஊசி தாவியது. உடனே இன்னொருவரை வைத்து அடக்கமாக மறுபடி வெட்டிவிட்டார்கள். ஒரே வருடத்து அச்சு, ஒரே மாதிரி அட்டை. ஆனால் கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தில் ‘ஆர்.எல்.’ என்று கீறியிருக்கும் தட்டைத்தான் சேகரிப்பவர்கள் இன்னும் தேடுகிறார்கள். அதனால் தட்டைக் கையில் எடுத்ததும் அட்டையில் போட்டிருக்கும் வருடத்தைப் பார்ப்பதைவிட, விளக்கைச் சாய்த்துப் பிடித்து அந்த வெற்றிடத்தில் கீறியிருக்கும் எண்ணையும் எழுத்தையும் படிப்பது நல்ல பழக்கம். அட்டையில் முதல் வெளியீட்டு வருடம் மட்டும் இருக்கும். அதே அட்டையை இருபது வருடம் கழித்தும் அச்சடித்திருப்பார்கள்.

மோனோ விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒலியை இரண்டு தடங்களாகப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ எல்.பி.க்கள் (ஒரு ஆல்பம் அடங்கும் நீண்ட நேரத் தட்டுகள்) 1958 வாக்கில் பரவலாக வர ஆரம்பித்தன. ஆனால் அதற்குப் பிறகும் ஏறக்குறைய பத்து வருடம் பாப் இசை மோனோவுக்காகவே கலக்கப்பட்டது, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்த்தது மோனோவுக்காகத்தான். கேட்பவர்களிடம் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர், ரேடியோ, கார். கலைஞர்கள் கூடவே உட்கார்ந்து மெனக்கெட்டது மோனோ கலவைக்குத்தான். ஸ்டீரியோவை அப்புறம் சீக்கிரமாக முடித்துவிடுவார்கள். பல ஆல்பங்களின் ஸ்டீரியோ தட்டில் பாட்டுக்குரல் ஒரு காதிலும் வாத்தியம் மறு காதிலும் பிரிந்து கிடப்பது அதனால்தான். 1966-இல் வந்த பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தை அந்தக் குழுவின் பிரையன் வில்சன் மோனோவில் மட்டுமே கலந்தார். அவருக்கு ஒரு காது ஏறக்குறைய கேட்காமல் இருந்தது. அந்த ஆல்பத்துக்கு முறையான ஸ்டீரியோ கலவை 1997-இல்தான் வந்தது.

இந்தக் காலத்துப் பாட்டுக்கு முதல் பதிப்பு மோனோ கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் சாய்வேன். டிரம்ஸும் பேஸும் ஒரே இடத்திலிருந்து சேர்ந்து வந்து மார்பில் மோதும். பாடகர் அதற்கு நடுவிலேயே நிற்பார். மோனோ தட்டில் பள்ளம் பக்கவாட்டில் மட்டும்தான் நெளியும். ஆகவே ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்திக் கேளுங்கள். மேலும் கீழுமாக ஊசியைத் தூக்கிப்போடும் தூசியின் சத்தம் பெருமளவு அடங்கிவிடும். இந்த ஒரு பொத்தானால் நான் ஒதுக்கி வைத்திருந்த சில தட்டுகள் திரும்பி வந்தன.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அட்டையில் ஸ்டீரியோ என்று போட்டிருப்பதெல்லாம் ஸ்டீரியோ இல்லை. மோனோ டேப்பை எடுத்து, ஒரு பக்கம் பேஸையும் மறுபக்கம் ட்ரெபிள் என்ற மேல் ஒலியையும் கூட்டி, கொஞ்சம் எதிரொலியும் சேர்த்து ஸ்டீரியோ போல ஆக்கி விற்றார்கள். கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனம் 1961 முதல் இதற்கு டுயோஃபோனிக் என்று பெயரே வைத்திருந்தது. அவை பழசு, அசல், முதல் பதிப்பு, எல்லாம் சரி. ஆனால் கேட்கக் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் மோனோ டேப்பிலிருந்து வெட்டிய மறுபதிப்புக்கே என் ஓட்டு. 1954-க்கு முந்தைய எல்.பி.க்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பேஸ், ட்ரெபிள் அளவை வெட்டும்போது மாற்றி, கேட்கும்போது திருப்பிச் சரிசெய்யும் முறையில் அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வைத்திருந்தது. அந்த வருடம்தான் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ.வின் பொது அளவுகோல் வந்தது. அதற்கு முந்தைய தட்டை இன்றைய கருவியில் போட்டால் சிலது கூச்சலாகவும் சிலது மந்தமாகவும் ஒலிக்கும்.

முதல் பதிப்பின் பெரிய பலவீனம் அதன் பழைய சொந்தக்காரர்கள். அறுபதுகளில் வீட்டுப் பிளேயர்கள் ஊசியை ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தத்தோடு தட்டில் வைத்தன. இன்றைய கார்ட்ரிட்ஜ்கள் (ஊசி பொருத்திய முனைகள்) பெரும்பாலும் இரண்டு கிராம் அளவில் ஓடுபவை. அந்தக் கன ஊசி நூறு முறை உழுத பள்ளம் கண்ணுக்குக் கண்ணாடி போலப் பளபளக்கலாம். போட்டுக் கேட்டால்தான் உரத்த இடங்களில் குரல் கிழிவது தெரியும். கீறலைக் கண்ணால் பார்த்துவிடலாம், தேய்மானத்தைப் பார்க்க முடியாது. நான் முதலில் வாங்கிய பழைய தட்டுகளில் பாதி இப்படித்தான் ஏமாற்றின. அமெரிக்காவில் வந்த 45 சுழற்சி சிங்கிள்களில், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்னத் தட்டுகளில், பல வினைலே இல்லை, ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். அது இன்னும் வேகமாகத் தேயும். விற்பவர்கள் தரம் குறிக்கும்போது ‘குட்’ என்று போட்டால் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டுகளின் நிலையைக் குறிக்கச் சேகரிப்பவர்கள் பயன்படுத்தும் கோல்ட்மைன் அளவுகோலில் அது கீழ்ப்படிகளில் ஒன்று. நிம்மதியாகக் கேட்க வேண்டுமென்றால் ‘வி.ஜி. பிளஸ்’ (வெரி குட் பிளஸ்) என்ற படிக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

தேய்மானம் முதலில் காட்டிக்கொடுப்பது ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு அரை மீட்டர் ஓடும். லேபிளை நெருங்கும்போது அதில் பாதிகூட இருக்காது. அதே அளவு ஒலியைக் குறுகிய இடத்தில் நெருக்கி வைக்க வேண்டியிருப்பதால் அங்கே நெளிவுகள் மிக நுணுக்கம், சேதமும் அங்கேதான் சீக்கிரம் தெரியும். சில மறுபதிப்புகள் ஒரு ஆல்பத்தை இரண்டு தட்டுகளாகப் பிரித்து 45 சுழற்சியில் வெட்டுவது இதற்காகத்தான். கால் மணி நேரத்துக்குள் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டியிருக்கும். எனக்கு அது பெரிய தொந்தரவில்லை.

சரி, மறுபதிப்புகள். இங்கே நல்லதுக்கும் மோசத்துக்கும் இடையே உள்ள தூரம் முதல் பதிப்புகளில் இருப்பதைவிட அதிகம். பீட்டில்ஸ் ஆல்பங்களையே எடுத்துக்கொள்ளலாம். 2012-இல் வந்த ஸ்டீரியோ எல்.பி.க்கள் டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டப்பட்டவை. இரண்டே வருடம் கழித்து, 2014-இல் வந்த மோனோ தொகுப்பை அனலாக் டேப்பிலிருந்தே நேராக வெட்டினார்கள். ஒரே இசை, ஒரே நிறுவனம், இரண்டு வழி. அந்த மோனோ தொகுப்பைக் கேட்ட பிறகு, மறுபதிப்பு என்றாலே இரண்டாந்தரம் என்ற பேச்சை நான் விட்டுவிட்டேன்.

மறுமுனையில் இருப்பவை, யார் எதிலிருந்து வெட்டினார் என்றே தெரியாத மறுபதிப்புகள். ஐரோப்பாவில் 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளின் ஐம்பதாண்டு உரிமைக்காலம் முடிந்துவிட்டது. பிறகு அதை எழுபதாக நீட்டியபோதும் ஏற்கெனவே முடிந்தவை திரும்ப உரிமைக்குள் வரவில்லை. ஆகவே ஐம்பதுகளின் பாட்டை யார் வேண்டுமானாலும் அங்கே அச்சடிக்கலாம். அவர்களுக்கு மாஸ்டர் டேப் கைக்கு வராது. ஏதோ ஒரு சி.டி.யிலிருந்து எடுத்து வினைலில் அழுத்துகிறார்கள். 180 கிராம் என்று ஸ்டிக்கர் மட்டும் பெரிதாக இருக்கும். எடைக்கும் ஒலிக்கும் நேரடி உறவு கிடையாது. கனமான தட்டு கையில் உறுதியாக இருக்கும், அவ்வளவுதான். பெட்டியின் மேல் எடையைப் பற்றிப் பேசி, டேப்பைப் பற்றியும் வெட்டியவரைப் பற்றியும் ஒரு வார்த்தைகூட இல்லையென்றால் நான் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தப் பணத்துக்கு அதே சி.டி.யை வாங்கிக் கேட்பது மேல்.

அதற்காக டிஜிட்டல் என்றாலே தீட்டு என்றும் நான் நினைக்கவில்லை. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மறுபதிப்புகள் முழுக்க அனலாக் என்று நம்பி வாங்கிப் பாராட்டியவர்கள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்று 2022-இல் தெரியவந்தது. மறைத்தது தப்பு, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதுவரை அந்தத் தட்டுகளைக் கேட்டு மகிழ்ந்த காதுகள் பொய் சொல்லவில்லை. உயர்ந்த தரத்தில் கவனமாக எடுத்த டிஜிட்டல் பிரதியை நல்ல கை வெட்டினால் நல்ல தட்டு வரும்.

முதல் பதிப்பில் இருந்த பிழையை மறுபதிப்பு திருத்திய கதையும் உண்டு. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம், 1959. முதல் பக்கத்துப் பாட்டுகள் பதிவான நாளில் பிரதான டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதை இயல்பான வேகத்தில் ஓட்டி வெட்டியதால், அந்தப் பக்கம் முழுக்கச் சுருதி சற்று ஏறி ஒலித்தது. முப்பது வருடத்துக்கு மேல் உலகமே அப்படித்தான் கேட்டது. 1992-இல்தான் சரியான வேகத்தில் ஓடிய மாற்று டேப்பிலிருந்து எடுத்துத் திருத்தினார்கள். பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகுபவர் யாராக இருந்தாலும் இதில் மறுபதிப்பைத்தான் நாட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே எழுபதுகளின் நடுப்பகுதியில் அச்சான தட்டுகள் ஒரு தனி ரகம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வினைல் தட்டுப்பாடாகி, பழைய தட்டுகளை உருக்கிக் கலந்து மெல்லிசாக அழுத்தினார்கள். பழசின் டேப்பும் கிடையாது, புதுசின் சுத்தமும் கிடையாது. வேறு வழியே இல்லாத ஆல்பத்துக்கு மட்டும் வாங்குகிறேன்.

ஆக என் வழக்கம் இப்படி ஆகியிருக்கிறது. அறுபதுகளின் பாப், சோல், சிங்கிள்கள் என்றால் முதல் பதிப்பு மோனோவைத் தேடுகிறேன், கேட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. அமைதியான பாட்டுகள், கிட்டாரும் குரலும் மட்டும் இருப்பவை என்றால் டேப்பிலிருந்து வெட்டிய மறுபதிப்பு. அங்கே ஒவ்வொரு கரகரப்பும் பாட்டுக்குக் குறுக்கே வந்து நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவர் கேட்டால் முதலில் நல்ல மறுபதிப்பு ஒன்றை வாங்கச் சொல்வேன். அந்த ஆல்பம் சுத்தமாக எப்படி ஒலிக்கும் என்று காதுக்குத் தெரிந்த பிறகு பழைய தட்டைத் தேடினால், தேய்ந்ததைக் காது உடனே கண்டுகொள்ளும்.

முதலில் சொன்ன அந்த இரண்டு தட்டுகளையும் இப்போது பக்கத்துப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். பழைய மோனோவில் முதல் பக்கம் அப்படியே உயிரோடு இருக்கிறது. இரண்டாம் பக்கத்தைத்தான் அந்த முதலெழுத்துக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும், கடைசிப் பாட்டின் உச்சத்தில் குரல் கிழிகிறது. அதனால் முதல் பக்கத்துக்குப் பழசைப் போடுகிறேன். அது முடிந்ததும் எழுந்துபோய் அதை உறைக்குள் வைத்துவிட்டு, இரண்டாம் பக்கத்துக்கு மறுபதிப்பை எடுக்கிறேன்.